ரூபாய்க்கு மூன்று காசு

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "சார், உருக்காலைக் கழிவே இனிமே கரியமில வாயுவைப் பிடிச்சு வெச்சுக்குமாமே! அப்புறம் என்ன, எவ்வளவு வேணும்னாலும் காய்ச்சலாம்." நான் வாய் திறப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. வடக்கே ஓர் உருக்காலையில் 31 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ஏடு கட்டி இறுகுமே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஊதுலைக் கசடு ஏற்கெனவே சிமென்ட்டுக்குப் போகிறது. பேச்சு கன்வெர்ட்டரில் வரும் கசடைப் பற்றி. நாங்கள் ஸ்லாக் என்போம். அதில் ஏறக்குறைய 45 சதவீதம் சுண்ணாம்புச் சத்து. கனடாவில் மான்ட்ரியாலைச் சேர்ந்த கார்பிகிரீட் நிறுவனம், சிமென்ட் இல்லாமல் இந்தக் கசடுக்குக் கரியமில வாயுவை ஊட்டிக் கான்கிரீட் கல் செய்கிறது.

நல்ல வேலைதான். எங்கள் காலத்தில் இதை மலைமலையாகக் கொட்டினோம். நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் இதைக் கொட்டித் தளம் போட்டார். இரண்டே மழைக்காலம். உள்ளே சேராமல் கிடந்த சுண்ணாம்பு ஈரத்தில் ஊதி, தளம் பாளம் பாளமாக வெடித்தது. வாயுவை முன்பே ஊட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

இரண்டாம் பாதிதான் ஏமாற்று. அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டுத்தானே உலையில் போட்டோம்? கல்லுக்குள் இருந்த கரியமில வாயு அப்போதே புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. கசடு இன்று பிடிப்பது அதில் ஒரு பகுதியைத்தான். வாங்கிய கடனில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறவனுக்குத் தர்மப்பிரபு பட்டமா?

கணக்கும் பார்த்துவிடுவோம். ஒரு டன் உருக்குக்குச் சுமார் 150 கிலோ கசடு. அதில் சுண்ணாம்பு 67 கிலோ. துளி விடாமல் பிடித்தாலும் 53 கிலோ வாயுதான் அடங்கும். அதே ஒரு டன்னுக்கு ஊதுலை வழியில் வெளியே போவது இரண்டு டன்னுக்கு மேல். பெரும்பகுதி நிலக்கரியால் வருவது. ரூபாய்க்கு மூன்று காசுகூடத் தேறவில்லை!

கசடில் கல் செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதைக் காட்டி "பசுமை உருக்கு" என்று முத்திரை குத்தாதீர்கள். கை வைக்க வேண்டியது நிலக்கரியில். பழைய இரும்பை மின் உலையில் உருக்கலாம். சுவீடனில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு 2021-லேயே உருக்கு செய்து காட்டிவிட்டார்கள். செலவு அதிகம்தான். ஆனால் அதுதான் அசல். கசடு வட்டிக்கும் காணாது.

அந்தப் புகையில்தான் நான் சம்பளம் வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான், மூன்று காசைக் காட்டி முழு ரூபாயையும் மறக்கச் சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.