மனிதத் தவறா, மறுக்கப்பட்ட உறக்கமா?

விபத்து நேர்ந்ததும் ‘மனிதத் தவறு’ எனத் தீர்ப்பெழுதும் ரயில்வே நிர்வாகம், அம்மனிதர் உறங்கினாரா என்று கேட்பதில்லை. லோகோ பைலட்டுகள் தொடர்ச்சியாக 4 இரவுகள் ஓட்டலாம் என்கிறது. 2 இரவுகளே வரம்பு என்னும் சங்கக் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கிறது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு 10 வினாடிக்கு மேலும் தடைபடுவது நோய். உரத்த குறட்டை, காலைத் தலைவலி, பகலில் கண்ணயர்தல் ஆகியன அதன் அறிகுறிகள். அதைச் சோம்பல் என்பது அவதூறு. உறக்க ஆய்வு கண்டறியும். சிபாப் கருவி கட்டுப்படுத்தும்.

ஆயினும் தொழிலாளி மருத்துவரை நாடத் தயங்குகிறார். தகுதியிழந்தவரென இன்ஜினிலிருந்து இறக்கப்பட்டால் ஓட்டப்படி பறிபோகுமே! நோயை மறைக்க வைப்பது இவ்வச்சமே. இலவச உறக்க ஆய்வு, சிகிச்சைக் காலத்தில் முழு ஊதியம், 2 இரவு வரம்பு ஆகியவை சலுகைகளல்ல; பயணிகளின் உயிர்க்காப்பு. தோழர்கள் தயங்காது மருத்துவரை நாடுக. சங்கமாகத் திரண்டு உரிமையைக் கோருக!