கடைக்கு விளம்பரம்... கணக்கு யார் பெயரில்?

'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு!' தூர்தர்ஷன் காலத்தில் இதைக் கேட்டாலே 'நரசுஸ் காபி' என்று குழந்தையும் சொல்லும். 1926-ல் தொடங்கிய சேலத்து வியாபாரம் அது. விலை, எடை எதுவும் மனதில் நிற்கவில்லை. காபி குடித்தவர் சொன்ன நாலு வார்த்தைதான் நின்றது.

செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் போடுகிறவருக்கும், ராசிபுரத்தில் நெய் விற்பவருக்கும் டி.வி. விளம்பரம் கட்டுப்படியாகாது. மாதம் இவ்வளவு என்று பேசி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் கணக்கைத் தொடங்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரருடையதாகவே இருக்கட்டும். வந்தவர் தன் பெயரில் தொடங்கிவிட்டால், நாளைக்கு மனக்கசப்பில் பிரியும்போது பக்கமும் அவரோடு போய்விடும். சேர்த்த வாடிக்கையாளர்களைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணமே கிடையாது. (வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதுவே செய்துவிடும்!) மற்றபடி, விளம்பரச் செலவு எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதலில் மூன்று மாதத்துக்குப் பேசினால் போதும். அதுவரை, புதிதாக வருகிறவர்களிடம் 'எங்கே பார்த்து வந்தீங்க?' என்று கல்லாவில் இருப்பவர் கேட்டு, ஒரு நோட்டில் குறித்துவரட்டும். நான்காம் மாதம் பணம் கொடுப்பதற்கு முன் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.