கட்டளையும் அளவீடும் ஒரே கம்பியில்

கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் கூண்டை ஏற்றி இறக்கும் பொறியாளர்க்குக் கட்டளை மணியோசையாகச் சென்றது. சுரங்கங்களின் வழக்கமான குறியீட்டின்படி, கூண்டு ஓடுகையில் ஒரு மணி 'நிறுத்துக' என்று பொருள்படும். நின்றிருக்கையில் அதே ஒரு மணி 'ஏற்றுக' என்பதாகும். அம்மணி கட்டளையை மட்டுமே சுமந்தது. கூண்டிலுள்ள கனிக்கல்லின் எடையை அறிவிக்க அது பயன்படவில்லை.

கணிப்பொறிக்கும் கம்பியில்லாச் செய்திக் கருவிக்கும் இடையேயுள்ள தொடர்முறைத் தொடர்பில் இப்பிரிவினை இல்லை. கட்டளையும் அளவீடும் ஒரே கம்பியில், ஒரே வகை எண்களாக ஓடுகின்றன. 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டின் 19ஆம் எண் 'நிறுத்துக' என்றும், 17ஆம் எண் 'தொடர்க' என்றும் தொலைத்தட்டச்சுப் பொறிகளின் காலந்தொட்டு வழங்குகின்றன. அளவீடே 19 ஆக அமைந்துவிட்டால் யாது நேரும்?

தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. நீர் நிரம்பிய பின்னும் அங்கு நில அதிர்வுகள் பதிவாயின. அத்தகைய நிலத்தில் அதிர்வுமானி ஒன்றை வைத்து, கணிப்பொறி வினவுந்தோறும் அது விடையளிக்குமாறு அமைப்பதாகக் கொள்வோம். விடையில் 19 வந்தவுடன், மேற்கூறிய கட்டுப்பாட்டு முறை செயலிலிருக்கும் கணிப்பொறி அதனை அளவாக ஏற்காது விழுங்கிவிடும். தானும் வினவுவதை நிறுத்திவிடும். பின்னர் நிலவும் மௌனத்தைப் பாறையின் அமைதியெனக் கருதுவது பெருந்தீங்காகும்.

சோதனையில் இக்குறை வெளிப்படுவதும் அரிது. யூனிகோடின் யூடிஎப்-8 முறையில் தமிழெழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். மூன்றும் 127க்கு மேற்பட்டவை. ஆதலின் தமிழ்ச் செய்தி தடையின்றிச் சென்று சேரும். சோதித்தவரும் மனநிறைவுடன் வீடு திரும்புவார்!

ஓட்டத்தை நிறுத்தவும் தொடரவும் தனிக் கம்பிகள் அமைப்பதே சிறந்தது. அதுவே பழைய மணிக்கயிற்றின் முறை. எனினும் செய்தியின் தொடக்கத்தைக் காட்டும் எண் உள்ளீட்டிலும் வரக்கூடும். எக்ஸ்பீ கருவியின் விடுவிப்பு முறையில் 126 தொடக்கக்குறி, 125 விடுவிப்புக்குறி. உள்ளிருக்கும் 17, 19, 125, 126 ஆகியவற்றின் முன் 125 சேர்க்கப்பட்டு, 32 மதிப்புள்ள துணுக்கு மாற்றப்படும். 19 என்பது 125, 51 எனச் செல்லும். இதனால் செய்தி சிறிது நீளும் என்பது பொருட்படுத்தத்தக்க மறுப்பன்று. இந்நான்கு எண்களையும் வேண்டுமென்றே அனுப்பிப் பார்க்காத எக்கருவியும் பாதுகாப்புப் பணிக்கு ஏற்கப்படலாகாது.