களஞ்சியத்து அரிசியும் எரிபொருள் மானியமும்

 

இன்று நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கப்படும் எரிசாராயம் அது. 'மதுவின் மூலப்பொருளை வண்டியில் ஊற்றலாமா?' என்று பெற்றோர் சிலர் மதரஸாவில் கேட்பதுண்டு. அது மார்க்கச் சட்ட அறிஞர்களிடம் விடை பெறவேண்டிய வினா. இக்கட்டுரை பேச விழைவது வேறொன்றை. எத்தனால் உற்பத்திக்கு அரசு வழங்கும் மானியம், உண்ணும் தானியத்திற்குச் செல்ல வேண்டுமா, வயலில் எஞ்சும் கழிவுக்குச் செல்ல வேண்டுமா என்பதே அது.

2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கெட்டுப்போன தானியங்களையும் உபரியெனக் கருதப்படும் தானியங்களையும் எத்தனாலாக்க வழிவகுத்தது. 20 விழுக்காட்டுக் கலப்பை 2030இல் எட்டுவது முதலில் வகுத்த இலக்கு. 2022இல் அது 2025-26ஆம் ஆண்டுக்கு முன்னே நகர்த்தப்பட்டது. ஆலைகள் எழுப்ப வாங்கிய கடனுக்கு ஐந்தாண்டுகள் வரை வட்டிச் சலுகை, நிர்ணயிக்கப்பட்ட கொள்முதல் விலை, குறைக்கப்பட்ட சரக்கு வரி ஆகியவை அளிக்கப்பட்டன. இந்திய உணவுக் கழகத்தின் களஞ்சியத்து அரிசியும் குறைந்த விலையில் ஆலைகளுக்குக் கிடைத்தது.

இக்கொள்கையை ஆதரிப்போரின் வாதங்களை நாம் புறந்தள்ளலாகாது. கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை நாம் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறோம். எத்தனால் அச்செலவைக் குறைக்கிறது. கரும்பு விவசாயிகளின் நிலுவைத் தொகை விரைந்து கிடைக்க அது உதவியுள்ளது. களஞ்சியங்கள் நிரம்பி வழியும்போது அரிசி மட்கிப்போவதைவிட எரிபொருளாவது மேல் என்பதும் நியாயமாகவே ஒலிக்கிறது.

ஆயினும் விலையைச் சற்று நோக்குங்கள். ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, சேமித்து, கொண்டுசேர்க்க அரசுக்கு ஆகும் அடக்கவிலை சுமார் 40 ரூபாய். 2025 ஜனவரியில் அதே அரிசி எத்தனால் ஆலைகளுக்கு 22 ரூபாய் 50 காசுக்கு விற்கப்பட்டது. இடைப்பட்ட இழப்பைச் சுமப்பது பொதுமக்களின் வரிப்பணம். அஃது ஏழைகளின் பசி தீர்க்கவென்றே ஒதுக்கப்படும் பணம்.

அளவையும் நோக்குங்கள். ஒரு கிலோ அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 மில்லி லிட்டர் எத்தனால் கிடைக்கும். இரு சக்கர வாகனத்தில் நாம் நிரப்பும் 10 லிட்டர் பெட்ரோலில் 2 லிட்டர் எத்தனால் உள்ளது. அதனை அரிசியிலிருந்து மட்டும் எடுப்பதானால் நான்கரை கிலோ வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவருக்கு ஒரு மாதத்திற்கு வழங்கப்படும் தானியமோ 5 கிலோ.

2023 ஜூனில் நிகழ்ந்ததை நினைவுகூர்வது நலம். கர்நாடக அரசு தன் ஏழைகளுக்குக் கூடுதல் அரிசி வழங்க, கிலோவுக்கு 34 ரூபாய் கொடுத்து வாங்க முன்வந்தது. மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதையே மத்திய அரசு நிறுத்திவிட்டது. அதே வேளையில் எத்தனால் ஆலைகளுக்கு கிலோ 20 ரூபாய்க்கு அரிசி சென்றுகொண்டிருந்தது. கர்நாடக மக்கள் அரிசிக்குப் பதிலாகப் பணத்தைப் பெற்றனர். பின்னாளில் மாநிலங்களுக்கும் விற்பனை திறக்கப்பட்டது உண்மையே. ஆனால், மனிதரும் இயந்திரமும் ஒரே களஞ்சியத்தின் வாயிலில் நிற்கும்போது யார் முதலில் என்பதை எந்த விதியும் உறுதிசெய்யவில்லை என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

உபரி என்பது நிலையானதன்று. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு காத்துவைக்கச் சொன்னது, பின்வரும் ஏழு வறண்ட ஆண்டுகளுக்காக. 2023 ஜூலையில் விலையேற்றமும் மழை குறித்த அச்சமும் எழுந்தவுடன், ஆலைகளுக்கான அரிசி நிறுத்தப்பட்டது. ஆனால், மானியம் பெற்று எழுந்த ஆலை பஞ்ச காலத்தில் சும்மா இராது. கடனை அடைக்க அதற்கு ஆண்டுதோறும் தானியம் வேண்டும். எனவே அது மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்ய நேர்ந்தது. தீவன விலை உயர்ந்து கோழிப் பண்ணையாளர்கள் முறையிட்டனர். நாமக்கல் பண்ணைகளின் முட்டைச் செலவும், அதன்வழியே நம் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டும் இதனோடு பிணைந்தவை.

மானியமே கூடாது என்பதன்று என் வாதம். ரமளானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சிக்கு மாநில அரசு ஆண்டுதோறும் வழங்கும் அரிசியும் மானியமே. பொதுப்பணம் அமானிதம், அது பசித்தவனைச் சேரும்போது தன் இடத்தை அடைகிறது. எரிபொருளுக்கும் மானியம் தரலாம், அதற்குரிய பொருள் வேறு இருக்கிறது. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கத் திட்டமிடப்பட்டது. வயலில் எரிக்கப்பட்டு வடஇந்தியாவின் காற்றைக் கெடுக்கும் வைக்கோல் அது. சாணம், காய்கறிக் கழிவு, உணவுக் கழிவு ஆகியவற்றிலிருந்து அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு எடுக்கும் திட்டமும் 2018 முதல் உள்ளது. இவ்வழிகள் தொழில்நுட்பத்தில் கடினமானவை, செலவு மிக்கவை. அரசின் கைதாங்கல் தேவைப்படுவதும் அதனால்தான்.

நம் மஹல்லாவிற்கு மக்கள் பிரதிநிதிகள் வருகை தரும்போது இரு கோரிக்கைகளை முன்வைப்போம். மாநிலங்களின் தேவை நிறைவேறிய பின்னரே, அதுவும் அடக்கவிலைக்கே, களஞ்சிய அரிசி ஆலைகளுக்குச் செல்லட்டும். மானியத்தின் பெரும்பங்கு வைக்கோலுக்கும் கழிவுக்கும் திரும்பட்டும். கூடவே, நம் வலீமா விருந்துகளில் மீந்து குப்பைக்குப் போகும் பிரியாணியையும் கணக்கில் கொள்வோம். சோற்றின் மதிப்பை அரசுக்கு எடுத்துரைப்போர் தம் ஸஹனையும் வழித்து உண்டிருக்க வேண்டும்.