வனத்தில் விருந்தினர்

மாசி மாதம் பிறந்துவிட்டால் நீலகிரியின் வடக்குச் சரிவில் அடியார் கூட்டம் இறங்கத் தொடங்கும். உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சீகூர் பீடபூமி விரிகிறது. மசினியம்மன் கோயில் கொண்ட மசினகுடியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் பொக்காபுரம். அங்கே, மலைச்சுவரைப் பின்னணியாகக் கொண்டு, காட்டின் மடியில் எழுந்தருளியிருக்கிறாள் மாரியம்மன். அன்னையின் தேர்த்திருவிழாவுக்குப் படுகர் ஊர்களிலிருந்தும், தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், கோவையிலிருந்தும், கர்நாடகத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன.

முற்காலத்தில் இக்குடும்பங்கள் அரிசி, பருப்பு, பாத்திரம், போர்வை யாவற்றையும் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். மரத்தடியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, பொங்கலிட்டு, திருவிழா முடியும்வரை அங்கேயே தங்குவர். பிள்ளைகளுக்கு அதுவே விடுமுறை. பெரியோருக்கு அதுவே நேர்த்திக்கடன். விண்மீன்களின் கீழ் உறங்கி, அன்னையின் முரசொலி கேட்டு எழுந்த அந்த நாட்களை இன்றும் மலை மக்கள் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்வதுண்டு.

அண்மை ஆண்டுகளில் வனத்துக்குள் கூடாரமிடுவதற்கும், அடுப்பு மூட்டுவதற்கும், ஞெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்வதற்கும் அரசு கட்டுப்பாடு விதித்து வருகிறது. "தெய்வத்தைத் தேடி வருவோரைத் தடுப்பது முறையா? உல்லாசப் பயணியும் அடியாரும் ஒன்றா?" என்னும் கேள்வி இயல்பாகவே எழுகிறது. வருத்தத்தில் பிறக்கும் இக்கேள்விக்கு விடை காண, முதலில் அந்த மண்ணின் இயல்பை அறிய வேண்டும். பிறகு நம் இதிகாசங்களையே கேட்க வேண்டும்.

சீகூர் பீடபூமி யானைகளின் நெடுவழி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் இணைக்கும் பாலம் போன்றது அது. ஒருபுறம் செங்குத்தாக எழும் நீலகிரி மலை, மறுபுறம் ஆழப் பள்ளத்தில் ஓடும் மாயாறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான் யானைக் கூட்டங்கள் நீரையும் மேய்ச்சலையும் நாடிச் சென்றாக வேண்டும். வழி அடைபட்டால் சுற்றிச் செல்ல வேறு பாதை இல்லை.

மாசியோ இக்காட்டின் வறண்ட பருவம். மரங்கள் இலையுதிர்த்து, தரையெங்கும் சருகு படிந்திருக்கும். ஓடைகள் மெலிந்து, எஞ்சிய நீர்த்துறைகளை நோக்கி விலங்குகள் இரவில் நடக்கும். அணைக்காமல் விடப்பட்ட ஓர் அடுப்பின் கங்கு போதும்; காற்று அதனை எடுத்துச் சென்று பல குன்றுகளை எரித்துவிடும். மிஞ்சிய உணவின் மணமும் வெல்லத்தின் மணமும் கரடியையும் யானையையும் மனிதர் உறங்கும் இடத்துக்கே அழைத்து வரும். உப்புச் சுவை படிந்த ஞெகிழிப் பையை மான் மென்று விழுங்கினால் அதன் வயிறு அடைபடும். அடியார் அறியாது செய்யும் பிழையும் காட்டுக்குப் பிழையே.

இந்த வழித்தடத்தைக் காக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 2018 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, வழித்தடத்தில் எழுந்திருந்த பல தங்கும் விடுதிகள் முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் கடந்திருக்கும். 2021 ஜனவரியில் மசினகுடிப் பகுதியில், ஒரு தங்குமிடத்தின் அருகே வந்த ஆண் யானையின்மீது எரியும் பொருளை எறிந்தனர். காதில் தீ பற்றியபடி அந்த யானை அலறிக்கொண்டு இருளுக்குள் ஓடிய காட்சியைப் பின்னர் நாடே கண்டு கலங்கியது. ஜனவரி 19 அன்று, சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லப்படுகையில் அது உயிர்விட்டது. அதன் துதிக்கையைப் பற்றிக்கொண்டு வனப்பணியாளர் ஒருவர் விம்மி அழுதார்.

நான்கு நாட்கள் கழிந்தன. ஜனவரி 23 இரவு, நீலகிரியை அடுத்த வயநாட்டின் மேப்பாடியில், காட்டோரம் கூடாரமிட்டுத் தங்கிய இளம் ஆசிரியை ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். விடுமுறையைக் கழிக்க வந்தவர் அவர். எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர்.

ஒரே வாரத்தில் இரண்டு உயிர்கள் போயின. யானையும் தன் வழியில் நடந்தது; ஆசிரியையும் இளைப்பாறவே வந்தார். தங்கக் கூடாத இடத்தில் தங்குமிடம் அமைந்தால் இருதரப்பும் இழப்பைச் சந்திக்கும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இனி இதிகாசங்களைக் கேட்போம். வனத்துக்குள் செல்வதும் தங்குவதும் எப்படி என்பதை வால்மீகி முனிவர் பரதன் வாயிலாக உணர்த்துகிறார். அண்ணனைத் தேடிப் பெரும்படையோடு புறப்பட்ட பரதன், பரத்துவாச முனிவரின் ஆசிரமத்தை நெருங்கினான். படை முழுவதையும் ஒரு குரோச தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஆயுதங்களைக் களைந்து, எளிய ஆடையோடு நடந்து சென்றான். "படையைத் தொலைவில் விட்டு வந்த காரணம் யாது?" என்று முனிவர் வினவினார். குதிரைகளும் யானைகளும் ஆசிரமத்து மரங்களுக்கும் நீருக்கும் நிலத்துக்கும் குடில்களுக்கும் ஊறு செய்துவிடலாகாது என்பதாலேயே தனித்து வந்ததாகப் பரதன் விடை பகர்ந்தான். அவன் சென்றதோ அறத்தின் காரியமாக. ஆயினும் தன் காரியம் புனிதமானது என்பதால் தன் படைக்கு எங்கும் புக உரிமையுண்டு என்று அவன் கருதவில்லை.

இதன் தொடர்ச்சியாக மற்றொரு செய்தியையும் வால்மீகி பதிவு செய்கிறார். பாதுகைகளைப் பெற்றுக்கொண்டு பரதன் அயோத்தி திரும்பிய பின், இராமபிரான் சித்திரகூடத்தை விட்டு அகன்றார். அங்கே பரதனையும் தாயரையும் கண்ட நினைவு அவர் நெஞ்சை வருத்தியது. அதனோடு, படை பாடியிறங்கியதால் குதிரைகளின் சாணமும் யானைகளின் இலண்டமும் பரவி அந்த நிலம் மாசுபட்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வந்தவன் பரதன், அவனினும் சிறந்த அடியவன் யார்? வந்த படையும் இராமனைக் காணும் ஆர்வத்தால் வந்ததே. எனினும் அத்தனை பேர் ஓரிடத்தில் இறங்கித் தங்கியபோது, அன்புடையோரின் கூட்டமும் காட்டை அழுக்காக்கியது. அடியாரும் உல்லாசப் பயணியும் ஒன்றா என்ற கேள்விக்கு இங்கே விடை உண்டு. உள்ளத்தால் வேறு; ஆனால் காலடியின் எடை இருவருக்கும் ஒன்றே.

புறப்படும் காலத்தை அறிவது மற்றோர் அறம். அதனை மகாபாரதத்தின் வனபர்வம் ஒரு கனவாகக் காட்டுகிறது. பாண்டவர் துவைதவனத்தில் தங்கியிருந்த காலம். ஓரிரவு தருமபுத்திரரின் கனவில் மான்கள் தோன்றின. கண்ணீரால் குரல் தழுதழுக்க, நடுங்கிய உடலோடு அவை கைகூப்பி நின்றன. "நீங்கள் யாவர்? வேண்டுவது யாது?" என்று அவர் கேட்டார். துவைதவனத்து மான்களில் கொல்லப்பட்டவை போக எஞ்சியவை தாங்கள் என்று அவை கூறின. வித்து அளவே மிஞ்சியிருக்கும் தம் இனம் மீண்டும் பெருக வேண்டுமாயின், அரசர் வேறிடம் பெயர வேண்டும் என்று இறைஞ்சின.

விழித்தெழுந்த தருமபுத்திரர் தம்பியரை அழைத்துக் கனவை உரைத்தார். ஓராண்டும் எட்டுத் திங்களும் இம்மான்களை உண்டே வாழ்ந்துவிட்டோம், அவை சொல்வது உண்மை, அவற்றுக்கு இரங்குவதே தக்கது என்றார். உடனே அனைவரும் துவைதவனத்தை விட்டுக் காமியகவனத்துக்குப் பெயர்ந்தனர். நாடிழந்து காட்டையே வீடாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கே காட்டில் நிலையான உரிமை இல்லை என்றால், இரண்டு நாள் விடுமுறைக்குச் செல்வோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

துறவியர்க்கும் இந்நெறி உண்டு. சிற்றூரில் ஓரிரவு, நகரில் ஐந்திரவு என்று அவர்கள் தங்குவதற்கே அளவு வகுத்தன தர்ம நூல்கள். மழைக்காலத்தில் மட்டும் இவ்விதி மாறும். மண்ணில் சிற்றுயிர்கள் பெருகும் பருவமாதலால், நடக்கையில் அவற்றை மிதித்துவிடாதிருக்க ஓரிடத்திலேயே அமர்வர். அதுவே சாதுர்மாஸ்ய விரதம். மற்றக் காலங்களில் நகர்வதும் அந்தப் பருவத்தில் நகராமையும் ஒரே கருணையின் இரு வடிவங்கள். 'அதிதி' என்னும் சொல்லுக்கும், நிலைத்துத் தங்காதவர் என்றே அந்நூல்கள் பொருள் உரைக்கின்றன. விருந்தினர்க்கு இல்லத்தார் செய்யும் கடமை பெரிது. நேரம் அறிந்து விடைபெறுவது விருந்தினரின் கடமை.

கோடை விடுமுறை நெருங்குகையில் நீலகிரிக்குச் செல்ல எண்ணும் குடும்பங்கள் இந்நெறியை எளிதாகக் கைக்கொள்ளலாம். 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனை முறையாகப் பெற்றுச் செல்வது பரதன் படையை நிறுத்தியதற்கு ஒப்பாகும். காட்டோரம் கூடாரத்தில் தங்க அழைக்கும் விளம்பரங்களைக் கண்டால், அவ்விடத்துக்கு அரசின் அனுமதி உண்டா என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் செலுத்த வேண்டும். காட்டுக்குள் நடக்கும் ஆவல் உள்ளோர்க்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டம் உள்ளது. உதகையின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை போன்ற பாதைகளில் வழிகாட்டியோடு நடந்து, மாலைக்குள் திரும்பலாம். முதுமலையில் இரவு தங்க விரும்புவோர்க்குத் தெப்பக்காட்டில் வனத்துறையின் விடுதிகள் உள்ளன.

பொக்காபுரம் திருவிழாவுக்குச் செல்வோர் வீட்டிலிருந்தே சோற்றுப் பொட்டலம் கட்டிச் செல்லலாம். வாழையிலையும் துணிப்பையும் போதும். குடிநீருக்குச் செம்போ எவர்சில்வர் பாத்திரமோ உதவும். அன்னைக்குச் சாற்றிய மாலையின் நார் முதல் கற்பூர உறை வரை, கொண்டு சென்ற எதனையும் காட்டில் விட்டுவராமல் எண்ணி எடுத்துவரும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பிள்ளைகள் அதனை விளையாட்டாகத் தொடங்கி விரதமாகவே கடைப்பிடிப்பர். கூடாரத்தில் உறங்கும் ஆசை அவர்களுக்கு இருக்குமாயின், வீட்டு மொட்டை மாடியில் ஒரு வேட்டியைக் கட்டி, துவைதவனத்து மான்களின் கதையைச் சொல்லி உறங்க வைக்கலாம்.

தெப்பக்காடு யானைகள் முகாமில் ஒரு விநாயகர் சந்நிதி உண்டு. விநாயகர் சதுர்த்தியன்று அலங்கரிக்கப்பட்ட யானைகள் அங்கே மணியடித்து வலம்வந்து வணங்குவதைக் காண மக்கள் திரளாகக் கூடுவர். ஆனைமுகனைக் கைதொழும் குடும்பங்கள், பொக்காபுரத்து அன்னையைத் தரிசித்து இரவுக்குள் ஊர் திரும்பினால், அவனுடைய வடிவம் தாங்கிய உயிர்கள் அன்றிரவு அச்சமின்றி நீர்த்துறைக்கு நடக்கும். திருவிழா முடிந்த காலையில் அன்னையின் சந்நிதியைச் சுற்றிலும் சருகு சருகாகவே கிடக்கட்டும். அவள் திருவருள் மலையில் வாழ்வோர்க்கும், வந்து மீள்வோர்க்கும், அக்காட்டின் வாயில்லா உயிர்களுக்கும் ஒருங்கே சுரப்பதாகுக.