ஹார்டு டிஸ்க் பைத்தியமும் நம் தெருவும்

"நீங்களாச்சும் அவனுக்குச் சொல்லுங்கம்மா. எந்நேரமும் அந்தப் பொட்டியப் பிரிச்சிப் போட்டுகினு உக்காந்திருக்கான். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா ரேமுங்கறான், டிஸ்குங்கறான்." இடையஞ்சாவடியில் ஒரு தாய் என்னிடம் இப்படி முறையிட்டார். பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். கண்டிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் கண்டிக்கவில்லை. ஏன் என்பதை அவருக்கு அன்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே முறையீட்டை மரக்காணம் வரைக்கும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், நம் தோழர்கள் சிலர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். கல்யாணப் பந்தியில் பரிமாறப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியது. அடுத்த முகூர்த்த மாதத்தில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். "முன்னாடி ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்க்கா, இப்ப இருபது செகண்டு" என்றான். ஹார்டு டிஸ்க்கில் ஊசி போல ஒன்று சுழலும் தட்டின் மேல் இடம் தேடி நகர வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் நகர்வது எதுவுமே இல்லை, அதனால்தான் இந்த வேகம் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினான். பெரியம்மா மகளுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் எப்போதோ செத்துவிட்டது. அதன் சின்ன ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு, அதில் அக்காவின் பழைய படங்களை அப்படியே மீட்டுக் கொடுத்திருக்கிறான். 1 டிபி என்று அச்சிட்டு விற்கும் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது ஏன் என்று கேட்டேன். தயாரிப்பவன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறான், விண்டோஸ் 1,024, 1,024 ஆக வகுக்கிறது, திருட்டு ஒன்றுமில்லை என்றான். எம்.ஏ. படித்த எனக்கு அது தெரியாது.

அந்த ஊர்ச் செம்மண் எதையும் விடாது. பதினைந்து நாளுக்கொரு முறை கேபினட்டைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறான். கம்ப்யூட்டர் திடீரென்று எழும்ப மறுத்தால் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் சொருகுகிறான். கடற்கரைக் காற்றில் இரும்புக் கட்டிலே அரித்துப்போகிற பகுதி இது. மின்பலகைக்குச் சொல்ல வேண்டுமா? இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ற பராமரிப்பை அவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை.

அந்தத் தாயின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் பில் ஏறும் என்றார். கணக்குப் போட்டோம். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் என்றே வைத்தாலும், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 18 யூனிட். இலவசமாக வரும் யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அவருடைய உண்மையான பயம் கரண்ட் அல்ல. அவர் புதுச்சேரியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மேசையைத் துடைக்கிறார். "அதத் தொடாம சுத்தித் தொடைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார். தொடாமல் துடைப்பது எப்படி என்று நம்மவர்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்! அப்படிப்பட்டவர் வீட்டில் மகன் அதையே கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தால் அவருக்குப் பதறத்தானே செய்யும்?

இன்னொன்றும் சொன்னார். கை அழுக்காகாத வேலைக்கு மகன் போக வேண்டுமாம். சேற்றிலும் உப்பிலும் கை தேய்ந்த குடும்பத்தில் இந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இதற்குள் ஒரு பழைய கணக்கு ஒளிந்திருக்கிறது. அஜந்தா சுப்பிரமணியன் என்ற மானுடவியலாளர் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' 2019இல் வந்தது. கையால் செய்கிற கைவினைச் சாதிகளின் தொழிலாக இருந்த பொறியியல், காலனியாட்சிக் காலம் தொட்டு எப்படி மூளையால் செய்கிற, ஆதிக்க சாதிகளின் படிப்பாக மாறியது என்பதை அந்த நூல் விரிவாகப் பேசுகிறது. கை ஒருவருக்கு, மூளை இன்னொருவருக்கு என்று பிரித்துவைத்தது சாதி. திருகாணியைக் கழற்றத் தெரிந்தவனுக்கு அதன் கணக்கும் தெரியும்போது அந்தப் பிரிப்பு ஆட்டம் காண்கிறது. இந்தப் பையன் ரேமைத் தேய்க்கவும் செய்கிறான், 931 ஏன் என்று வகுக்கவும் செய்கிறான். நாம் அவனைப் பார்த்து "ரெண்டுல ஒன்னு பண்ணு" என்கிறோம்.

நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்று இதுவரை கிடைத்தது என்ன? டவுன் சென்டரில் டேலி, எம்.எஸ். ஆபீஸ், டிடிபி. சான்றிதழோடு டேட்டா என்ட்ரி நாற்காலி. வயிற்றுப்பாட்டுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே அடுத்தவருடைய இயந்திரம். கேபினட்டில் கைவைத்தால் ஃபைன். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் அறையின் சாவி எப்போதும் ஒரே மேசை டிராயரில் இருக்கும், அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதை வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அது எப்படி உருவாகிறது என்பதை நான் பார்த்தது பத்து வயதில் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டுத் திட்டு மட்டும் வாங்கித் தப்பித்த நகரத்து நண்பர்களிடம். கெடுத்துப் பார்க்கிற சுதந்திரம் இருந்த வீடுகள் எத்தனை? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், 2017-18இல், இந்தியாவின் கிராமக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 விழுக்காட்டில்தான். நகரத்தில் 23.4. லேப்டாப், டேப்லெட் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தமிழ்நாட்டு அரசு இதில் ஒரு நல்ல காரியம் செய்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தால் நம் தெருக்களுக்குள் முதல் முறையாகச் சொந்தக் கம்ப்யூட்டர் வந்தது. எள்ளி நகையாடியவர்கள் நிறைய. படம் பார்க்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்றார்கள். படம் பார்க்கத்தான் செய்தார்கள், யார்தான் பார்க்கவில்லை? கொரோனாவோடு பள்ளி மாணவர்களுக்கு அது நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மீண்டும் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் பதினாறு வயதில் வருகிற இந்தப் பைத்தியத்தைக் கல்லூரிவரை ஒத்திப்போடச் சொல்ல முடியாது. பாதிப் பிள்ளைகள் அதற்குள் ஸ்பானர் பிடிக்கவோ லாரி ஏறவோ போய்விடுகிறார்கள்.

இப்போது வெளியே நடப்பதையும் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்குத் தன் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதனால் நல்ல நிலையில் இருக்கிற பழைய இயந்திரங்களை அலுவலகங்கள் கழித்துத் தள்ளுகின்றன. சென்னை ரிச்சி தெருவில் அவை அடுக்கடுக்காகக் கிடக்கும். லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். இது நமக்குச் சாதகம். பாதகமும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்புகளை விழுங்குவதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் 'குரூசியல்' என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எவரோ போடுகிற முதலீட்டுக்கு இடையஞ்சாவடிப் பையன் இன்னும் நான்கு பந்தியில் கூடுதலாகப் பரிமாற வேண்டும்.

சரி, இதெல்லாம் ஒரு பையனின் ஆசை, இதில் தலித் அரசியல் எங்கே வந்தது என்று கேட்கலாம். சேமிப்பில் வருகிறது. ஸ்டோரேஜ் என்கிறார்களே, அதில்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 268 வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 2013 ஏப்ரல் 25 அன்று நம் மரக்காணம் கட்டையன் தெருவில் வீடுகள் எரிந்தன. கொளுத்துகிறவன் குறி கூரையோடு நிற்பதில்லை. பீரோவும் டிரங்குப் பெட்டியும்தான். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பட்டா, நகைச் சீட்டு, செத்துப்போன அப்பாவின் ஒரே ஃபோட்டோ. ஒரு தலைமுறை ஏறிவந்த படிகள் எல்லாம் காகிதம். அதற்கு ஒரே ஒரு பிரதி.

கம்ப்யூட்டர்காரர்களிடம் இதற்கு ஒரு விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, அதில் ஒன்று வேறு ஊரில். 1917இல் லண்டனிலிருந்து திரும்பிய பாபாசாகேப் தன் புத்தகங்களை வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். உலகப்போர் நேரம், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதைத் தாக்கி மூழ்கடித்தது. புத்தகங்கள் போயின. பிற்காலத்தில் மும்பை தாதரில் புத்தகங்களை மனதில் வைத்தே ராஜகிருகத்தைக் கட்டினார் அவர். ஹார்டு டிஸ்க் பைத்தியத்தை நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

டிஜிலாக்கர் இருக்கிறதே என்பார்கள். மதிப்பெண் பட்டியலுக்குச் சரி. பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் நம்மிடம் இருக்கிற பழைய ஒப்படைப்புப் பத்திரம், 'அ' பதிவேட்டு நகல், ஆட்சியரிடம் கொடுத்த மனு, அதற்கு வந்த ஒப்புகைச் சீட்டு, எஃப்.ஐ.ஆர். நகல், சம்பவத்தன்று செல்போனில் எடுத்த வீடியோ, தொண்ணூறு வயதுப் பாட்டி சொன்ன நில எல்லை - இவை அத்தனையையும் எந்த அரசு லாக்கர் வாங்கிக்கொள்ளும்? 1892இன் அரசாணையை நம்பிக் கேட்கிற நிலத்துக்குக் காகிதம் காட்டச் சொல்கிறார்கள், காகிதம் கரையான் தின்றுவிட்டது என்று நாம் நிற்கிறோம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் செல்போன் படங்களாலேயே நிறைந்துவிடும். ஒரு பக்கத்தை ஒரு எம்.பி.க்கு ஸ்கேன் செய்தால் 1 டிபி டிஸ்க்கில் ஒன்பது லட்சம் பக்கம் கிடக்கும். மரக்காணம் வட்டாரத்தின் அத்தனை காலனி ஆவணங்களும் ஒரு கைப்பிடிக்குள்.

இதை யார் செய்வது? முன்மாதிரி இருக்கிறது. பெங்களூருவின் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' என்று ஒன்றை நடத்தினார்கள். நன்கொடையாக வந்த பழைய கம்ப்யூட்டர்களில் அங்கிருந்த பிள்ளைகள் லினக்ஸ் கற்றார்கள், கிம்ப்பில் ஓவியம் வரைந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே விழுப்புரம் க்னு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறது. நம் இயக்கங்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்தது குறைவு. பேனர் அடிக்கிற செலவில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அம்பேத்கர் படிப்பகத்திலும், இரவுப் பாடசாலையிலும் ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு ஸ்கேனர், இரண்டு 1 டிபி ஹார்டு டிஸ்க். ஒன்று அங்கே, மற்றது வேறு ஊர்த் தோழர் வீட்டில். சிஸ்டம் ஓட எஸ்.எஸ்.டி. போதும், ஆனால் பெட்டியில் பூட்டிவைக்கிற பிரதிக்கு ஹார்டு டிஸ்க்தான் நல்லது. எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் அதில் இருப்பது அழிந்துபோகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் சொருகிச் சரிபார்க்க வேண்டும். டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்ட வேண்டும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரும் வாக்குமூலமும் அதில் இருக்கும், சம்மதம் இல்லாமல் ஒரு காகிதமும் உள்ளே போகக்கூடாது. பொறுப்பு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம், பெண் பிள்ளைகளும் சரிபாதியாக. ஸ்க்ரூடிரைவர் செட்டும் அவர்கள் கையில்தான், சங்கத் தலைவரின் டிராயரில் அல்ல.

பணத்துக்கு இன்றைய விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஸ்கேன் வேலைக்கு 8 ஜிபி ரேம் தாராளம். வாங்கும்போது டிடிஆர்3 பலகைக்கு டிடிஆர்4 ரேமைக் கொடுத்துவிடப் போகிறார்கள், வெட்டு இருக்கும் இடம் வேறு, நுழையாது. தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூடவே கடைக்கு அழைத்துப் போங்கள்.