கஞ்சியும் அல்ல, காளானும் அல்ல!

மழை ஓய்ந்த மறுநாள் காலை. கொல்லையில் கிடக்கும் உளுத்த கட்டையின் மேல் மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடக்கிறது. நாய் கக்கி வைத்தது போல இருக்கிறது. நேற்று மாலை அது அங்கே இல்லை. "சீ! ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடு" என்கிறார் அம்மா. மகள் விளக்குமாற்றை எடுக்கிறாள்.

அவசரப்படாதே, பெண்ணே! அது அழுக்கு அல்ல. உயிருள்ள ஒரு ஜீவன்.

அதற்குச் சளிக்காளான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தமில்லை. அது காளான் இனமே அல்ல. செடியும் அல்ல, பிராணியும் அல்ல. நம் உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் பொதுவாக ஒரு கருதான் இருக்கும். இதுவோ கை அகலம் படர்ந்திருந்தாலும் மொத்தமும் ஒரே செல். அதற்குள் ஆயிரமாயிரம் கருக்கள்! அது நகரும். மணிக்கு இரண்டொரு சென்டிமீட்டர் ஊர்ந்து போய், பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களை வளைத்துத் தின்னும். ஈரம் குறைந்தால் காய்ந்த பொருக்காகி உறங்கிவிடும். காலம் வந்ததும் பொடிப் பொடியான வித்துகளாக மாறிக் காற்றில் பறக்கும்.

இதைக் கண்டு மிரண்டவர்கள் நம்மவர்கள் மட்டுமல்ல. 1973-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரை அடுத்த பகுதியில் வீட்டுத் தோட்டத்தில் இது தோன்றியது. வேற்றுலகத்திலிருந்து வந்த உயிரோ என்று ஜனங்கள் கதி கலங்கினார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி ஆயிற்று. மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியிலோ இதை முட்டை போல வறுத்துத் தின்பவர்களும் உண்டு! (நம் அடுப்படிக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.)

மூளை இல்லாத கெட்டிக்காரன்

2000-ம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி தோஷியுகி நாககாகியும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேடிக்கை செய்தார்கள். சுற்றுவழிப் புதிர் ஒன்றை அமைத்தார்கள். இரண்டு வாசல்களில் ஓட்ஸ் தானியம் வைத்து, உள்ளே இந்தச் சளிக்காளானைப் பரவவிட்டார்கள். அது முட்டுச் சந்துகளிலிருந்து பின்வாங்கியது. இரண்டு உணவையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியில் மட்டும் உடலை நீட்டிக்கொண்டது! 2010-ல் டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தபோது, அது போட்ட பாதை அங்குள்ள ரயில் பாதை அமைப்பை ஒத்திருந்தது. மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. படித்த இஞ்சினீயர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, வியக்கலாம்.

கோயில் தோப்புக்காகச் சிறை

இதைவிடப் பெரிய கதை மினகதா குமாகுசு என்பவருடையது. பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர். ஜப்பானில் தனாபே என்னும் கடலோர ஊரில் வாழ்ந்தார். காடுகளில் அலைந்து சளிக்காளான்களைத் தேடினார். அவருக்கு அவை கிடைத்த இடங்களில் முக்கியமானவை சிறு கோயில்களைச் சுற்றியிருந்த பழைய தோப்புகள்.

1906-ல் சிறு கோயில்களை ஒன்றாக இணைக்கும்படி ஜப்பானிய அரசாங்கம் உத்தரவிட்டது. கோயில் போனால் தோப்பு நிற்குமா? மரங்கள் வெட்டுப்பட்டன. மினகதா எதிர்த்து எழுதினார், வாதாடினார். 1910-ல் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்து 18 நாள் காவலில் இருந்தார்!

1929-ல் அந்தப் பக்கம் வந்த சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ, போர்க்கப்பலில் அவரிடம் பாடம் கேட்டார். சக்கரவர்த்தியும் சளிக்காளான் ஆராய்ந்தவர்தான். மினகதா 110 மாதிரிகளைப் பரிசளித்தார். தங்கப் பேழையிலா? இல்லை, மிட்டாய்ப் பெட்டிகளில்!

நம் ஊரில்?

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வி. அக்னிஹோத்ருடு, தென்னிந்தியச் சளிக்காளான்களைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். ஆனால் கல்லூரிச் சுவரைத் தாண்டி இந்தச் செய்தி ஊருக்குள் வரவில்லை. இதற்கு வீட்டு வழக்கில் நல்ல தமிழ்ப் பெயர்கூட இல்லையே!

செட்டிநாட்டு ஒக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கூர் மாசாத்தனார் என்ற சங்கப் புலவர் பாடியது அகநானூற்றின் 14-ம் பாட்டு. சிவந்த நிலத்தில் ஊர்ந்து போகும் ஈயல் மூதாய் என்ற சின்னஞ்சிறு பூச்சி அந்தப் பாட்டில் வருகிறது. அவ்வளவு கூர்ந்து பார்த்த கண்கள்! இன்று அந்தப் பெயர் கொண்ட ஊரிலும், பக்கத்து ஊர்களிலும், சருகைக் கூட்டித் தீ வைப்பதும் கோயில் காட்டில் விழுந்த கட்டையை அப்புறப்படுத்துவதும்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். வீட்டு முற்றத்தில் அது சுத்தம்தான். கோயில் காட்டிலே அது நஷ்டம். மக்கும் கட்டையும் சருகும் போனால், அவற்றை நம்பிய உயிர்களும் போகும்.

"இதனால் என்ன வருமானம்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். காசு வராது. ஆனால் மக்கிய பொருளிலுள்ள சத்து மண்ணுக்குத் திரும்ப இதுவும் கைகொடுக்கிறது. மனிதரைக் கடிக்காது, பயிரைத் தின்னாது. காய்ந்த பொடி மட்டும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அவர்கள் கிட்டே போக வேண்டாம்.

பள்ளிக்கூடங்கள் மனம் வைத்தால் போதும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வேம்பின் காய்ந்த பட்டையில் ஒரு துண்டு, மூடியுள்ள ஒரு கிண்ணம், அடியில் காகிதம். தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். பிறகு தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சில நாளிலோ சில வாரத்திலோ, குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் காம்பின் மேல் எழுந்து நிற்கக்கூடும். முதல் கிண்ணத்தில் ஒன்றும் வராவிட்டால், புளிய மரத்துப் பட்டை இருக்கவே இருக்கிறது.